ஒன்றாம் எண் மாணவி

காலையில் கணினியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது எங்கள் பல்கலைக்கழக முத்திரையின் கதியைத்தான். அரசின் வணிகக்குறிப் பதிவுத் தளத்தில் விண்ணப்ப எண்ணைத் தட்டினால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சாரல் காலத்தில் எங்கள் பக்கத்து இணையமும் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். ஜன்னலுக்கு வெளியே மலையை மேகம் முழுங்கியிருக்கும். அப்படி ஒரு மலை அங்கே இருந்ததா என்றே சந்தேகம் வரும். பிறகு வட்டம் நின்று ஒரு வரி வரும். விசாரணைக்குக் காத்திருக்கிறது. பல மாதங்களாக அதே வரிதான். எனக்கு அதில் வருத்தமில்லை. போக வேண்டிய பதில் போய்விட்டது. அந்தப் பதிலை எழுதிய நாட்களைத்தான் சொல்ல வந்தேன்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர் நான். அதை நிறுவியவர்தான் வேந்தர். மேடையில் வேந்தர், எங்களுக்கு அண்ணாச்சி. பெயரில் ஊரையும் முத்திரையில் அருவியையும் வைத்தவர் அவர். ஐந்து கிளையாக விழும் தண்ணீர், கீழே ஒரு விரித்த புத்தகம். இத்தனை வருடம் பதிவு செய்யாமலே அதைச் சான்றிதழிலும் பேருந்திலும் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ அவரைப் பயமுறுத்திவிட்டார்கள். ‘வேற எவனாவது பதிஞ்சிட்டாம்னா நீங்க ஒங்க முத்திரைய அழிக்கணும்’ என்று சொன்னார்களாம். பாயசம்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. இந்தக் குறியை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? அண்ணாச்சி யாரையும் கேட்கவில்லை. நாங்கள் ஆரம்பித்த வருடத்து விஜயதசமியைச் சொன்னார். நானும் அப்படியே தட்டினேன். எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமும் அது தொடங்குகிற அன்றைக்குத் தொடங்குவதில்லை. நல்ல நாளில் தொடங்கும். கூரை போடாத வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, ஆறு மாதம் கழித்துக் குடிபோவோம். கேட்டால் பால் காய்ச்சிய தேதியைத்தான் சொல்வோம். அது பொய் என்று இங்கே ஒருவருக்கும் தோன்றாது.

அரசுக்குத் தோன்றிவிட்டது. ஆடி மாதச் சாரலில், காகிதமெல்லாம் அப்பளம் நமுத்த மாதிரி கிடந்த ஒரு மத்தியானம், மின்னஞ்சலில் ஆட்சேபணை வந்தது. இரண்டு ஆட்சேபணைகள். ஊர்ப்பெயரும் அருவியும் எல்லோருக்கும் பொது, அவை எப்படி உங்களுக்கு மட்டும் சொந்தமாகும் என்பது ஒன்று. சிவகிரிப் பக்கம் ஒரு தையல் பயிற்சிப் பள்ளி ஏறக்குறைய இதே அருவியை ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிறது என்பது இன்னொன்று. அவர்கள் சொன்ன தொடக்கம், எங்கள் விஜயதசமிக்கு அடுத்து வந்த தை மாதம். முப்பது நாளுக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

முதல் ஆட்சேபணையைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அரசு சொல்வது நியாயம். ஐந்தருவியில் நின்றுகொண்டு எந்தத் தாரை என்னுடையது என்று யாரால் சொல்ல முடியும்? அன்று மாலை வரை தலைக்குள் தண்ணீர்ச் சத்தமாகவே இருந்தது. கோப்பில் கையெழுத்துப் போடும்போதும் யாரோ ஈரத்தலையோடு பின்னால் நிற்பது போல இருந்தது.

சென்னையில் எங்களுக்காக வாதாடும் வக்கீலம்மா கைபேசியில் விளக்கினார். “முதல் ஆட்சேபணைக்கு நெடுநாள் பயன்பாட்டைக் காட்டலாம் மேடம். ரெண்டாவதுதான் சிக்கல். தையல் பள்ளிக்கு முன்னாடியே நீங்க பயன்படுத்தினீங்கன்னு ஆதாரம் வேணும். அந்த விஜயதசமி அன்னைக்கு முத்திரை போட்ட காகிதம் ஏதாவது இருக்கா?”

இருந்தது. பீரோவின் அடித்தட்டில், முதல் சேர்க்கைப் படிவம். மூலையில் மஞ்சள், நடுவில் ஐந்து கிளை அருவி. சேர்க்கை எண் ஒன்று. படம் ஒட்டிய இடத்தில் எண்ணெய் வழிய வாரிய தலையோடு ஒரு பெண். அது நான்தான்.

அந்த விஜயதசமிக்கு நான் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வேலை கேட்டு வந்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்போது பல்கலைக்கழகம் என்பது குற்றாலத்தில் சீசன் முடிந்து காலியாகக் கிடந்த ஒரு விடுதியின் இரண்டு அறைகள்தான். அனுமதி வந்துவிட்டது, வகுப்பு அடுத்த ஆனியில். பூஜை முடிந்ததும் முதல் படிவத்தைப் போணி பண்ண ஒரு கைராசிக்காரப் பிள்ளை வேண்டும் என்று தேடினார்கள். வாசலில் நனைந்துபோய் நான் நின்றேன். “சரஸ்வதியே வந்துட்டால்லா” என்று அண்ணாச்சி கையைப் பிடித்து உட்காரவைத்தார். இளங்கலைத் தமிழ் என்று நானே எழுதினேன். படிக்கப்போகிறோம் என்று மெய்யாகவே நம்பினேன்.

ஆனியில் வகுப்பு ஆரம்பித்தபோது நான் சேர்க்கை மேஜையில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஆள் இல்லை. “அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்ட்டி” என்றார். அடுத்த வருடமும் சேர்க்கை வந்தது, நானும் மேஜையில்தான் இருந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் எழுப்பவும் இல்லை. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பட்டத்தைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அந்த இடத்தை இன்றைக்கும் விரலால் தடவிப் பார்ப்பேன்.

படிவத்தைப் பார்த்த வக்கீலம்மா சந்தோஷப்பட்டார். “சூப்பர். இந்தப் பொண்ணோட மார்க் ஷீட், பட்டச் சான்றிதழ் ஏதாவது இணைச்சா கேஸ் கெட்டி.” அந்தப் பெண் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதுல இருக்கது நீதானட்டி?”

“ஆமா அண்ணாச்சி.”

“பெறகென்ன? மொதல் செட்டு முடிச்ச வருசத்துத் தேதியிலயே ஒரு சர்டிபிகேட்டப் போட்டுருவோம். சீலு நம்ம கையில, ரெஜிஸ்டர் ஒங்கையில. ஒனக்கும் டிகிரி ஆச்சி, நமக்கும் சாட்சி ஆச்சி. இத்தன வருசம் ஒழைச்சிருக்க, ஒனக்கு இல்லாத பட்டமா?”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கோயில் பிரசாதம் நீட்டுகிற முகத்தோடுதான் சொன்னார். அதுதான் என்னைச் சாய்த்தது. வேண்டாம் என்று என் வாயில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்து வந்த மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை. சாரல் விடாமல் பெய்தது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் கண்ணாடி பனித்து, அதில் நான் படிக்காத வருடங்களெல்லாம் தெரிந்தன. மூன்றாவது பெஞ்சில், சுவர் ஓரமாக நான். முன்னால் இருக்கிறவளின் பின்னலில் கனகாம்பரம். செய்யுளை மனப்பாடம் ஒப்பிக்கும்போது நடுவில் ஒரு அடி மறந்து, பக்கத்துப் பெண் வாயசைத்துக் காட்டுகிறாள். மத்தியானம் கேன்டீன் எலுமிச்சைச் சாதம். பட்டமளிப்பு அன்றைக்குக் கறுப்பு அங்கி. எனக்கு நீளம், தடுக்குகிறது. என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். நடத்துநர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் என் ஊர் வந்துவிட்டது தெரிந்தது.

நடக்காததை நினைத்து அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

நாலாம் நாள் எங்கள் ஊர்ச் சூரியகாந்திக் காட்டில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் வருவது எங்களுக்குப் புதிதில்லை. ஒரே பகலில் ஒரு வீடு எழுப்புவார்கள். தூண், ஓடு, வாசலில் கோலம். முன்னால் நின்று பார்த்தால் போய்க் குடியிருக்கலாம் போல இருக்கும். காலையில் பேருந்துக்குப் போகிற வழியில் நான் பின்பக்கமாக வந்துவிட்டேன். சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்து, அட்டை நனைந்து உப்பியிருந்தது. ஒரு ஆள் உள்ளே குந்தி இட்லி தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “வீடு நல்லாருக்காம்மா?” என்று கேட்டார். பேருந்துக்கு நேரமாச்சு என்று நடந்துவிட்டேன். பேருந்தில் அன்று ஒன்றுமே தெரியவில்லை. கண்ணாடி வெறும் கண்ணாடியாக இருந்தது.

அலுவலகம் போனதும் நேரே அண்ணாச்சி அறைக்குப் போனேன். அரசு, சட்டம், ஜெயில் என்றெல்லாம் சொன்னால் அவர் அசைய மாட்டார். அவருடைய பாஷையில்தான் பேச வேண்டும்.

“அண்ணாச்சி, நம்ம விஜயதசமி அன்னிக்குத் தொட்ட காரியம் இது. இத்தன வருசம் நல்லாத்தான வந்திருக்கு. இப்ப அந்த நாளு மேலயே பொய்ய ஏத்துனா, நாளு கெட்டுப்போவாதா?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“எனக்கு டிகிரி வேணும் அண்ணாச்சி. ரொம்ப வேணும். ஆனா இது வேண்டாம்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அப்ப தையல்காரி முந்திக்கிடுவாள்லா?” என்றார்.

“முந்திட்டுப் போட்டும். அவ தையல் சொல்லிக் குடுக்கா, நம்ம வேற சொல்லிக் குடுக்கோம். ரெண்டையும் பாத்தா பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும்னு எழுதுவோம். கெடச்சா கெடைக்கட்டும்.”

“என்னமும் செய்யி” என்றார். கோபம்தான். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வக்கீலம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். படிப்பே சொல்லிக்கொடுக்காத நாளைப் பயன்பாடு என்று காட்ட முடியாது, அந்தத் தேதியைத் திருத்த மனு போடலாம், வகுப்பு தொடங்கிய ஆனியிலிருந்து உள்ள வருகைப் பதிவேடுகளை இணைக்கலாம், வழக்குக் கொஞ்சம் மெலியும் என்றார். வேந்தர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். தேதி மாறியதற்குக் காரணம் கேட்பார்கள், அதனால் அந்த முதல் படிவத்தைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும் என்றார். தமிழில் எழுதித் தாருங்கள், நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன் என்றார்.

அந்தப் பத்தியை நான்தான் தட்டினேன். ‘சேர்க்கை எண் ஒன்றில் உள்ள பெண், மங்கல நாளை முன்னிட்டு மட்டுமே கையெழுத்திட்டவர். அவர் ஒரு நாளும் வகுப்பில் அமரவில்லை. அவருக்குக் கல்வி எதுவும் அளிக்கப்படவில்லை.’ மூன்று வாக்கியம். அதைத் தட்டி முடிக்க ஒரு முற்பகல் ஆனது. கடைசி வாக்கியத்தில் அழுதேன். பக்கத்து மேஜைக்காரரிடம் சளி என்றேன். சாரல் காலம், நம்பிவிட்டார்.

கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. தென்காசியில் நோட்டரி அலுவலகம், நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் ஒரு மாடி. அண்ணாச்சியும் நானும் குடையை மடக்கிக்கொண்டு ஏறினோம். நோட்டரி வயதானவர், ஒவ்வொரு பக்கத்தையும் படித்த பிறகுதான் முத்திரையை எடுப்பார். தமிழும் ஆங்கிலமுமாக இருந்த பத்திரத்தில் அந்தப் பத்திக்கு வந்ததும் நிறுத்தினார். படிவத்தின் நகலில் படம் கறுத்துப்போய், முகம் தெரியவில்லை.

“ஏன் அண்ணாச்சி, கையெழுத்து வாங்கிட்டுப் படிக்கவே விடலியா? இந்தப் பிள்ள இப்ப எங்க இருக்கா?”

அண்ணாச்சி பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார். அவர் சொல்வார் என்று நான் பார்த்தேன். அவர் குனிந்து, காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கனதான் இருக்கா சார்” என்றேன். “அவங்க ஆபீஸ்லயே வேல பாக்கா.”

“சரி, நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நோட்டரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.