துணி பிடிக்காத காற்று

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளைத் துணி இருக்கிறது. ஒரு பக்கம் கரி அப்பிக் கறுத்திருக்கும்; மறுபக்கம் துவைத்து மடித்ததுபோல வெளுப்பு. என் அண்ணன் தன் வள்ளத்துக் கம்ப்ரசரில் கட்டியிருந்த துணி.

அண்ணன் சங்கு குளிப்பவன். வள்ளத்தில் டீசல் எஞ்சின் ஓட, கம்ப்ரசர் தள்ளும் காற்றை ரப்பர் குழாய் வழியே வாயில் வாங்கிக்கொண்டு கடலடியில் சங்கு பொறுக்குவான். காற்று திசை மாறினால் கம்ப்ரசர் எஞ்சின் புகையையே இழுத்துவிடும். அதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம், கம்ப்ரசர் காற்று இழுக்கும் வாயில் துணி கட்டுவது. புகை வாடை வரவில்லையா, நல்ல காற்று என்று இறங்கிவிடுவார்கள்.

அந்த வாரம் முழுக்கத் தலைவலி என்றான். எனக்கு எம்.எஸ்ஸி. வேதியியல் தேர்வு. கடலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான்: “ஏளா, நீ இதத்தான படிக்க? துணி கட்டுனா போதும்லா?”

“போதும்ண்ணே, படிக்க விடேன்” என்றேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

மடியில் விரிந்திருந்த பாடம் எது தெரியுமா? இரத்தத்தில் இருக்கும் இரும்பு. அதைச் சுற்றி ஆறு இடம். ஐந்து நிரம்பியிருக்கும், ஆறாவதில் ஆக்சிஜன் வந்து உட்காரும், வேண்டிய இடத்தில் இறங்கிப் போகும். எஞ்சின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு அங்கே உட்கார்ந்தால் லேசில் இறங்காது. தனித்து நின்ற எலக்ட்ரான்கள் ஜோடி சேரும், காந்தத்தின் பக்கம் சாய்ந்த இரும்பு சாயாமல் போகும், இரத்தம் மட்டும் பளிச்சென்று சிவக்கும். அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாடையில்லை. துணி கரியைப் பிடிக்கும், அதைப் பிடிக்காது. எல்லாம் எனக்கு மனப்பாடம். பாவி, அண்ணனின் வள்ளத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையே!

மதியம் அவனை மேலே இழுத்தார்கள். நான் கரைக்கு ஓடியபோது உதடும் கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. “மூஞ்சி நல்லாத்தான இருக்கு. மயக்கந்தான், எந்திச்சிருவான்” என்றார் கூடப் போன மாமா. அந்தச் சிவப்பு என்னவென்று அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

இப்போது கல்லூரியில் அந்தப் பாடத்தை நான்தான் நடத்துகிறேன். போன வாரம் துணியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். புதிதாகக் கம்ப்ரசர் வாங்கி, கரையோரத்திலேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வள்ளக்காரரிடம், “இதக் கட்டிட்டுத்தான் எங்கண்ணன் எறங்குனான். துணிய நம்பாதீங்க. காத்து இழுக்குற குழாய சைலன்சருக்கு எட்டாம, ஒசரத்துல வைங்க” என்றேன்.

அவர் துணியைத் திருப்பினார். வெளுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

“உள்பக்கம் சுத்தமாத்தான இருக்கு, டீச்சர்? நாங்க மூணு மடிப்பாவுல்லா கட்டுதோம்.”

அவர் பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர் குழாய் ஏற்கெனவே தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.