கேட்காமலே சேமிக்கும் கணினி

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவருக்குப் பெயர் ஃப்ளாப்பி அண்ணன். மேசை இழுப்பறையில் பழைய கணினியின் சேமிப்பு வட்டுகளான ஃப்ளாப்பிகள் முப்பது வைத்திருந்தார். அவற்றைப் படிக்கும் இயந்திரம் ஊரிலேயே கிடையாது என்று அவருக்கும் தெரியும். என்றாலும் வாரம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுவார்.

பழைய கணினி மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. காரணம், அது கேட்கும். "சேமிக்கவா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடும். வீட்டில்கூட அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த மரியாதையை அவர் ஒரு ரகசியக் காரியத்துக்குப் பயன்படுத்திவந்தார். அதிகாரி மேல் கோபம் வந்தால் திரையில் நறுக்கென்று நாலு வரி அடிப்பார், வாசித்து ரசிப்பார், "வேண்டாம்" என்று அழுத்துவார். வயிற்றெரிச்சல் தீர்ந்துவிடும். இருபத்தெட்டு வருடம் இப்படியே ஓட்டி, வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று நல்ல பெயரும் வாங்கிவிட்டார்.

புதிய மென்பொருள் வந்தது. பிரிவில் பன்னிரண்டு பேருக்கும் இணையத்தில் ஒரே தாள். பொத்தான்கள் எல்லாம் மூன்று புள்ளிக்குள் போய் ஒளிந்துகொண்டன. சேமிக்கும் பொத்தானைத் தேடித் தேடி அவருக்குக் கண் பூத்துப்போனது. பக்கத்து இருக்கைப் பெண்தான் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். "தட்டுங்கண்ணே, ஒண்ணும் வெடிச்சிடாது." அவர் தப்பாக அழித்த புகார்களை மேலிடத்துக்குத் தெரியாமல் மறுபடி ஏற்றிவைத்தாள். சாயங்காலம் தாளை மூடிக்கொடுப்பதும் அவள்தான்.

இரண்டாவது வாரம் அவளுக்குப் பிரிவுத் தலைவி பதவி கிடைத்தது. அவர் எதிர்பார்த்திருந்த பதவி.

சிரித்த முகமாக வாழ்த்தினார். மதியம், தாளின் அடியில் காலியிடம் பார்த்து, பழக்கதோஷத்தில் அடித்தார்: "புதுத் தலைவி வேலை தெரியாதவள்." சேமித்தால்தானே மற்றவர்களுக்குப் போகும் என்பது அவர் எண்ணம். வாசித்துப் பார்த்தார். காரம் போதவில்லை. பாதியை அழித்து, மோட்டுவளையைப் பார்த்து யோசித்து, "பல்லைக் காட்டியே பதவி வாங்கினவள்" என்று போட்டார். பரம திருப்தி. கேள்வி வரட்டும் என்று தாளை மூடினார். அது ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டது.

அறையில் தட்டச்சு சத்தம் நின்றிருந்தது. மற்ற பதினோரு திரைகளிலும் அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். எதிர் மேசைக்காரர் குடிக்க எடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்திருந்தார்.

விஷயம் புரிந்ததும் அவர் எழுந்து அவள் மேசைக்குப் போனார். "வேண்டாம்னு சொல்லத்தாம்மா இருந்தேன். எப்பவும் கேக்கும். இது கேக்கலை."

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "முதல்ல போட்டதை, ஏதோ கோபம்னு விட்டிருப்பேண்ணே. அதை அழிச்சிட்டு, உக்காந்து யோசிச்சு இதைப் போட்டீங்களே."

மென்பொருள் மேல் பழிபோட வழியில்லை. யோசித்தது அது இல்லையே. கடைசியில், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நான் அழிச்ச புகாரையெல்லாம் இந்தப் பொண்ணுதான் திரும்ப ஏத்தி வச்சது. வேலை தெரியாதவன் நான்தான்."

"போய் உக்காருங்க," என்றாள் அவள். "பின்தெருக் குழாய் உடைஞ்ச புகார் காலையிலேர்ந்து கிடக்கு."

உட்கார்ந்து தாளைத் திறந்தார். அந்த வரி அப்படியே இருந்தது. மொத்தமாக அழிக்கும் வழி எந்தப் புள்ளிக்குள் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அவளைக் கேட்கவும் முகமில்லை. கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக, பதினோரு பேரும் பார்க்க, அழிக்கத் தொடங்கினார்.