பந்து கிடைத்த கையும் கிடைக்காத கையும்

உஸ்ஸ்… உஸ்ஸ்… என்று தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி முதலில் சத்தம்தான் கேட்கும். அது காதோரம் வைத்த ஒரு மனிதனின் மணிக்கட்டு என்பது அப்புறம்தான் தெரியும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மிஷினில் ரத்தம் சுத்தம் செய்வது எங்கள் தொழில். அதற்காக டாக்டர்கள் கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பார்கள். பெயர் ஃபிஸ்டுலா. ரத்தம் பாய்ந்து சிரை தடித்தால்தான் எங்கள் ஊசி இறங்கும்.

எண்பதுகளில் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு ராத்திரி டியூட்டி. மிஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்து எழுத்துக்கூட்டித்தான் தொழில் கற்றேன். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழித்ததும் தூக்கம் வராமல் புரளும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதெல்லாம்.

சீட்டுக் குலுக்கல்

எங்கள் டாக்டர் ஆராய்ச்சி தொடங்கினார். ரப்பர் பந்தை அமுக்கினால் சிரை சீக்கிரம் தடிக்குமா என்பது கேள்வி. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குப் பந்து. மீதிப் பேர் கைக்கு வேலையே கொடுக்கக் கூடாது.

நகரி நெசவாளி சுப்பிரமணிக்குப் பந்து விழுந்தது. பலமனேர் முனிரத்தினத்துக்கு விழவில்லை. முனிரத்தினம் நிலைமை மோசம். காலில் சொருகியிருந்த தற்காலிகக் குழாய் சீழ் பிடித்துவிட்டது. கைச் சிரை தடிக்காவிட்டால் ஊசி குத்த வேறு இடமில்லை. வீட்டுக்குப் போய்க் கிடக்க வேண்டியதுதான். அவர் என்னைக் கேட்டார்: “இன்னா சார், ஒரே பந்தியில ஒருத்தனுக்கு எலை போட்டு ஒருத்தனை வேடிக்கை பார்க்கச் சொல்றீங்க?”

பந்தின் கதி

சில வாரம் கழித்து வந்த சுப்பிரமணியின் கையில் சிரை பாவு நூல் மாதிரியே இருந்தது. தினமும் அமுக்கினீரா என்று டாக்டர் கேட்டார். மனிதர் பவ்யமாகத் தலையாட்டினார். டாக்டர் அதை நம்பி எழுதிக்கொண்டார். அவர் நகர்ந்ததும் சுப்பிரமணி என் பக்கம் சாய்ந்தார்: “பேரன் எடுத்தவன் பந்து வெச்சிக்கினு ஒக்காந்தா தறிக்காரனுங்க சிரிக்க மாட்டானுங்களா? பொட்டியில பூட்டி வெச்சிருக்கேன் சார்.”

ஓய்வெடுத்த கை

முனிரத்தினத்தின் சிரையோ கட்டைவிரல் பருமனுக்கு எழும்பியிருந்தது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. “சூசாரா, பாத்தீங்களா? ஓய்வுதான் மருந்து! பந்து வேஸ்ட்!” என்று மெட்ராஸ் மாநாட்டில் படிக்கவேண்டிய கட்டுரைக்கு அங்கேயே தலைப்பு வைத்துவிட்டார். ஊசி முதல் குத்திலேயே இறங்கியது. காலுக்கு விடுதலை.

கைக்கு வேலையே கொடுக்கவில்லையா என்று சும்மா கேட்டுவைத்தேன். “அய்யோ, கடப்பாரையைக்கூடத் தொடலை சார். காலையில ரெண்டு எருமை, சாயங்காலம் ரெண்டு எருமை, கறக்கறதோட சரி. பால் கறக்கறதெல்லாம் ஒரு வேலையா?”

நீக்கம்

எங்கள் வார்டு சிஸ்டர் எஸ்தர் காதில் இது விழுந்தது. சித்தூர் மிஷன் வளர்ப்பு. பொய் சொல்லவும் வராது, சும்மா இருக்கவும் வராது. டாக்டர் மெட்ராஸுக்குப் புறப்படுமுன் அவரிடம் எருமைக் கதையைச் சொல்லிவிட்டார். டாக்டர் முகம் சுருங்கியது. குழாய் கழுவிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பலமனேர் ஆளை எடுத்துடுய்யா” என்றார்.

படுக்கையில் கிடந்த முனிரத்தினத்துக்கு அது கேட்டுவிட்டது. ஊசி குத்தின கையை மறு கையால் பொத்திக்கொண்டார். “எருமைங்களை வித்துட்றேன் சார். நாளைக்கே வித்துட்றேன். மிஷினைவிட்டு எடுத்துடாதீங்க” என்றார். எருமையை விற்றால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். சிஸ்டர்தான் முனிரத்தினத்தின் தோளைத் தொட்டார்: “கணக்குலேர்ந்துதான் எடுத்தாரு நைனா, கட்டில்லேர்ந்து இல்ல. நீ பாட்டுக்குக் கற.”

எருமையை எந்தக் குழுவில் சேர்ப்பது என்று மருத்துவ உலகம் மெட்ராஸில் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் பாதியில் வைத்த குழாய்களை மறுபடி கழுவ உட்கார்ந்தேன்.