பெயர்ச்சீட்டு இல்லாத துணி

"அறுவத்திமூணு. எடது தோள் கொஞ்சம் எறக்கம். பேக் தூக்குற பழக்கம்" என்றார் ஸஜீதா. வாசலைக் கடந்து போன பெண்ணுக்கு அது கேட்டிருக்காது. உச்சி முதல் குதிகால் வரை எத்தனை அங்குலம் என்பதை ஸஜீதா ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். மாத்தளை டவுனில் அவருடைய தையல் கடைக்கு முன்னால் நடக்கிற எந்தப் பெண்ணும் அளவு கொடுக்காமல் தப்ப முடியாது. நாடா எப்போதும் கழுத்தில் கிடக்கும். எல்லாம் அழகுக்குத்தான்.

"கண்ண வச்சுக்கிட்டு நாடாவ நம்புவாங்களா, மிஸ்?"

நான் கச்சேரியில் அரசாங்க வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அவர் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவள். அதனால் நான் 'மிஸ்'. ஸஜீதாவுக்கு அறுபத்தொரு வயது, கைம்பெண், தனி ஆள். வெற்றிலையும் இல்லை, டிவியும் இல்லை. இரண்டு மணிநேரத்துக்கொரு பிளேன்டீ மட்டும். தைத்து முடித்த உடுப்பை மடித்து, சொந்தக்காரியின் பெயரைச் சீட்டில் எழுதி, ஊசியால் குத்தி, வலப்பக்கத் தட்டில் வைப்பார். "யாருக்குன்னு தெரியாத துணி எங்கட கடையில இல்ல" என்று பெருமையடிப்பார்.

அது பொய். ஒன்று இருக்கிறது. மேசையின் கீழ் லாச்சியில், இழுத்துத் திறக்கிற அறையில், தனியாக.

நான்கு வருடத்துக்கு முன் அவருடைய உம்மாவின் அக்கா நாச்சியா மவுத்தானார். பிள்ளை இல்லாதவர், கடைசிவரை பார்த்துக்கொண்டது ஸஜீதாதான். வீடு சட்டப்படி ஆண்வழிச் சொந்தத்துக்குப் போனது. ஸஜீதாவின் பங்குக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து திறந்தபோது, தொழுகைப் பாய்க்கு அடியில் வெள்ளைத் துணி ஐந்து துண்டு. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தங்கள் மையித்தைச் சுற்றப்போகும் கபன் துணியை மக்காவின் ஸம்ஸம் நீரில் நனைத்து, காயவைத்து, ஊருக்குக் கொண்டுவந்து காலம் வரும்வரை வைத்திருப்பதுண்டு. நாச்சியா இருபது வருடம் வைத்திருந்தார். ஆனால் காலையில் மவுத்தாகி அஸர் தொழுகைக்கு முன் அடக்கம் என்ற அவசரத்தில் பெட்டி ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. பள்ளிவாசல் தந்த துணியில் சுற்றி அனுப்பிவிட்டார்கள்.

"மக்கத்துல இருந்து மடியில வச்சுக் கொண்டு வந்தது மிஸ். நான் பக்கத்துலயே நின்டும் மறந்துட்டேன்" என்று சொல்லி அன்று அழுதார்.

அந்தச் சொத்தை என்ன செய்வது? விற்க முடியாது. தைக்க முடியாது. பக்கத்து வீட்டு பீபிக்கு வயது எழுபத்தெட்டு; ஒருநாள் பேச்சுவாக்கில் அவரிடம் ஸஜீதா "உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டுவிட்டார். பீபி மூன்று மாதம் முகம் கொடுக்கவில்லை.

பிறகுதான் ஸஜீதா அதை விரித்து, முதல் தடவையாக ஒரு துணியை நாடாவால் அளந்தார். தலைக்கு ஒரு சாண், காலுக்கு ஒரு சாண் முடிச்சுக்கு விட்டால், உள்ளே ஐம்பத்தெட்டரை அங்குல ஆளுக்குத்தான் இடம். நாச்சியாவோ அறுபத்தாறு. தென்னை மாதிரி நெடுநெடு.

"அப்ப அவ தனக்கு வெட்டல்ல" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. மறு நிமிடமே நிமிர்ந்தார். "எனக்கும் இல்ல. கிளினிக்ல அளந்தாங்க. நான் அறுவது அங்குலம்."

அந்தச் சந்தோஷத்தில் அதைக் கொடுத்துவிடப் பார்த்தார். உக்குவளையில் இறந்துபோன ஓர் ஏழைப் பெண்ணின் மையித்துக்கு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனார். குளிப்பாட்டியவர்கள் விரித்துப் பார்த்தார்கள். கால் வெளியே நின்றது. திரும்பக் கொண்டுவந்தார். பள்ளிவாசலுக்கே கொடுத்தார். ஒரு வாரத்தில் அங்கே ஜனாஸா அடக்க வேலை பார்க்கும் பஸ்லி அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கோவிச்சுக்காதீங்க லாத்தா. இது ஆள் பார்த்து வெட்டின துணி. மூணு மையித்துக்கு வச்சுப் பார்த்தோம், ஒண்டுக்கும் சரிவரல்ல."

அதன் பிறகு அவர் அதைத் துணி என்றுகூடச் சொல்வதில்லை. 'அது' என்பார். இருபத்துநாலு வருடமாகியும் அதில் ஒரு மஞ்சள் புள்ளி கிடையாது. லாச்சியைத் திறந்தால் கற்பூர வாடை மேல்மாடி வரை வரும். திறக்காத நாளிலும் சில சமயம் வந்தது, அவரிடம் நான் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழை இருட்டில், என் ரவிக்கையை எடுக்கப் போனேன். எழும்பி வந்த ஸஜீதா பாதி வழியில் நின்று குனிந்து பார்த்தார். அவருடைய அபாயாவின் கீழ் ஓரத்தில் தரையிலிருந்த நூல் குப்பையெல்லாம் ஒட்டியிருந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி தச்சது மிஸ். அப்ப கால் வெரல் தெரிஞ்சுது."

"துணி தொங்கியிருக்கும், அக்கா" என்றேன்.

அவர் கழுத்திலிருந்த நாடாவை எடுத்து என் கையில் தந்துவிட்டு, செருப்பைக் கழற்றி, சுவரோடு குதிகாலை ஒட்டி நின்றார்.

"அளந்து பாருங்க. என்னய மட்டும் எனக்குக் கண்ணால பார்க்க ஏலாது."

இரண்டு தடவை அளந்தேன். அறுபது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய் வரவில்லை.

"ஐம்பத்தெட்டரை."

"ரெண்டாந்தரமும் அதுதானா?"

"ஓம்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாடாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய முகத்தில் நான்கு வருடமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிருந்தது.

"அப்ப பெரியும்மாட துணிய நாங்க மறக்கல்ல. அது அவட துணியே இல்ல" என்றார்.

என் ரவிக்கையைக் கையில் கொடுத்தார். பிறகு கீழ் லாச்சியைத் திறந்து அதை எடுத்தார். மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்து, ஒரு சீட்டில் தன் பெயரை எழுதி, ஊசியால் குத்தி, வலப்பக்கத் தட்டில் வைத்தார்.