திரும்பி உட்கார்ந்து சோறு வைத்தவர்

ஸ்டோர் கீப்பர் சடகோபாச்சாரியார் காலமான செய்தியைச் சென்ற புதன்கிழமை காலை ஏசுதாஸ் கேட்டருகே வருகைப் பதிவு பார்க்கும் எங்கள் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து சொன்னார். ஏசுதாஸ் எங்கள் ஆலையில் லோடு ஏற்றும் பிரிவில் இருப்பவர். அவருக்கு ஊத்துக்கோட்டை பஸ் கண்டக்டர் சொன்னாராம்.

"அய்யரு பூட்டாரு சார்."

"யார் சொன்னது? கண்டக்டர் நேரில் பார்த்தாரா?" என்று கேட்டேன்.

துக்கச் செய்திக்கு இப்படிக் கேட்பது முறையல்ல. ஆனால் இறந்தவர் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார். ஒரே ஆள் பேச்சை வைத்து அவர் இறந்துவிட்டதாக நாங்கள் முடிவு செய்தால் மிகவும் வருத்தப்பட்டிருப்பார். எனவே திருவள்ளூருக்கு டெலிபோன் போட்டு இன்னொருவரிடமும் விசாரித்தேன். உண்மைதான்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். திருவள்ளூரில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம் அவருடையது. வீட்டில் மற்ற எல்லோரும் கோயிலோடு இருந்துவிட, இவர் மட்டும் அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிய ஆலைக்கு ஸ்டோர் கீப்பராக வந்தார். விடியற்காலையில் பஸ் ஏறி, ஊத்துக்கோட்டையில் மாறி வருவார். நெற்றியில் திருமண், கையில் சாவிக்கொத்து. சனிக்கிழமை மட்டும் சற்று முன்னதாகக் கிளம்புவார். கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் அவருக்கு ஓர் இடம் உண்டு. அவருடைய தகப்பனார் நின்ற இடம். உத்தியோகத்தைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தணியும்.

சந்தேகப்படுவதை அவர் ஒரு கடமையாகவே செய்துவந்தார். மாலையில் பூட்டின் மேல் ஒரு நூலைச் சுற்றிவிட்டுப் போவார். காலையில் நூலைப் பார்த்த பிறகுதான் பூட்டில் சாவி நுழையும். புதுக் கையுறை கேட்டு வருகிறவர் பழையதைக் காட்ட வேண்டும். காட்டினால், "இது உம்முடையதுதானா?" என்பார். "நம்பிக்கையைக் கோயில்லே வெச்சுக்கலாம் ஓய். ஸ்டோர்லே கூடாது" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இனி நான் சொல்லப்போவதில் முதல் பாதி, பிற்பாடு ஏசுதாஸ் சொல்லித் தெரிந்துகொண்டது. ஒரு மழைக்காலத்தில், ஸ்டோரில் கிரீஸ் டின்களுக்குப் பின்னால் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம். ஒரு காது கிழிந்திருந்தது.

"இதை யார் அனுப்பினா?" என்று ஆச்சாரியார் ஏசுதாஸைக் கேட்டார்.

"பூனைய யாரு சாமி அனுப்புவாங்க? அதுவா வந்துகினு கீது."

"கேட்லே வாட்ச்மேன் இருக்கான். இங்கே பூட்டு இருக்கு. அதுவா எப்படி வரும்?"

"அத்தையே கேளு அய்யரே."

"அய்யங்கார்."

"சரி, அய்யங்காரே. அத்தையே கேளு."

வெளியே விட்டார்கள். மறுநாள் உள்ளே இருந்தது. மூன்று நாள் இப்படியே நடந்தது. நான்காம் நாள் மூட்டைகளை நகர்த்திப் பார்த்தபோது, பின்சுவரில் தகரம் பெயர்ந்த ஓட்டை ஒன்று அகப்பட்டது. ஓர் ஆள் வெளியே நின்றபடி தோள்வரை கையை விடலாம். பல மாதமாகக் கையுறைகள் காணாமல் போன வழி அதுதான். அன்றே தச்சரை அழைத்து, அந்த ஓட்டைக்கு உள்பக்கமாக வளைந்து திரும்பும் ஒரு மரக்கூண்டு அடிக்கச் சொன்னார். கை நேராக வந்து பலகையில் முட்டும். பூனை வளைந்து வரும். "கண்டுபிடிச்சுக் கொடுத்தவாளை வெளியே தள்றது நியாயமில்லே" என்றாராம்.

தயிர்சாதம் வைத்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த வரையில் பூனை தொடவில்லை. அவர் திரும்பி உட்கார்ந்த பிறகே தின்றது. இந்தக் குணம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "யாரையும் நம்பறதில்லே. ரொம்பச் சரி" என்றார். ஒருவரையொருவர் நம்பாமலே இரண்டு பேரும் ஒரு வருஷம் சௌக்கியமாக இருந்தார்கள். ஆலைக்குள் நாய் பூனை எதைக் கண்டாலும் சாக்கில் பிடித்துத் தொலைவில் விட்டுவர வேண்டும் என்று மானேஜர் நோட்டீஸ் ஒட்டியிருந்ததால், விஷயம் ஏசுதாஸைத் தாண்டவில்லை.

பிறகு பூனை மூன்று குட்டி போட்டது.

"தயிர்சோத்தத் துன்னுட்டு மூணு குட்டிக்கு எப்டி சாமி பால் குடுக்கும்? கருவாடு போடணும். நான் வாங்கியாறேன்."

"நீ வாங்கிண்டு வந்தா, அது நல்லதா பழசான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கருவாட்டில் நல்லது எது, பழசு எது என்று தமக்கும் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. தாமே போய் வாங்கினார்.

கேட்டுக்கு எதிரே பழவேற்காட்டு மங்கம்மாள் கருவாட்டுக் கூடை வைத்து உட்கார்ந்திருப்பாள். டைம் ஆபீஸ் ஜன்னலில் நான் உட்கார்ந்திருப்பேன். திருமண் இட்ட ஒருவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நெத்திலிக் கருவாடு வாங்குவதையும், அதைச் சட்டைக்குள் மறைப்பதையும், சாப்பாட்டு வேளையில் ஸ்டோரை உள்ளே தாழ் போட்டுக்கொள்வதையும் ஒரு வாரம் கவனித்தேன். அவரிடமே பழகிய சந்தேகம், அவர் மேலேயே நன்றாக வேலை செய்தது.

அந்த வாரம் ஒரு வேலையாக நான் ஏறிய திருவள்ளூர் பஸ்ஸில், கோயில் வாசல் பூக்கடைக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நம்ம ஆச்சாரியார் இப்போ ஸ்டோர்லே தனித் தளிகை பண்ணிச் சாப்பிடறார். நெத்திலித் தளிகை" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் எனக்குச் சிரித்துக்கொண்டே சொல்ல வராது. அவர் நம்பிவிட்டார்.

சனிக்கிழமைக்குள் கோஷ்டி முழுவதும் தெரிந்துவிட்டது. பெரியவர் ஒருவர் கேட்டாராம்: "கருவாடு வாங்கினது வாஸ்தவமா?"

"வாஸ்தவம். அடியேன் வாயிலே வைக்கலை."

"பின்னே யாருக்கு?"

கோஷ்டியில் எங்கள் ஆபீஸ் சூபரின்டெண்டெண்டின் மாமனாரும் நின்றுகொண்டிருந்தார். பூனை என்று சொன்னால் திங்கட்கிழமை சாக்கு வரும். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. ஆச்சாரியார் பதில் சொல்லவில்லை.

"அப்போ நீர் கொஞ்ச நாள் வெளியே நில்லும்" என்றார் பெரியவர்.

வெளியே நின்றார். அடுத்த சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். தூணோரமாக, குரல் எழுப்பாமல், வாய் மட்டும் அசைய நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஏசுதாஸ் என் ஜன்னலுக்கு வந்தார். "இன்னா சார் நீ? அந்தாளு வாயில்லாத ஜீவனுக்கு வாங்கிப் போடறாரு. நீ ஊரெல்லாம் டமாரம் அடிச்சுகினு கீறியே. படிச்சவன்தானே நீ?" என்று கேட்டு, ஸ்டோரின் பின்பக்கம் கூட்டிப்போய் இடுக்கு வழியாகக் காட்டினார். உள்ளே ஆச்சாரியார் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, ஒரு நெத்திலியைக் குறடால் பிடித்து, கையை எட்டும் மட்டும் பின்னுக்கு நீட்டி, முகத்தை எதிர்ச்சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பின்னால் பூனை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

நான் போய்க் கோஷ்டியில் உண்மையைச் சொல்லட்டுமா என்று ஆச்சாரியாரைக் கேட்டேன். "இப்போ வேண்டாம். குட்டியெல்லாம் தானாத் திங்கட்டும்" என்றார். ஐந்து சனிக்கிழமை தூணோரம் நின்றார். அதன் பிறகு ஒரு மாலை, ஏசுதாஸ் ஒரு பையோடு கேட்டைத் தாண்டினார். பை கத்தியது. வெளியே போகும் பைகளைச் சோதிப்பது என் வேலை. நான் சோதிக்கவில்லை. "பையைத் திறந்து பார்க்காம விட்டீரே, அது தப்பு" என்று ஆச்சாரியார் மறுநாள் என்னைக் கண்டித்தார். குட்டிகள் ஏசுதாஸின் தெருவில் மூன்று வீடுகளுக்குப் போய்விட்டன. தாயைத் தாமே ஊருக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்.

இப்போது நான் கோஷ்டிப் பெரியவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நான் எதையும் சிரிக்காமல் வேடிக்கையாகச் சொல்பவன் என்று அதற்குள் அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள்.

கடைசியில் ஆச்சாரியாரே வழி சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலிலிருந்து வெகுதூரம் தள்ளி, ரயில்வே கேட்டுக்கு அப்பால், ஒரு மரப்பெட்டியைத் திறந்து பூனையை இறக்கினார். இலையில் நெத்திலி வைத்தார். நான்கு பெரியவர்கள் உற்றுப் பார்த்தார்கள். பூனையும் அவர்களை உற்றுப் பார்த்தது. தொடவில்லை.

"எல்லாரும் திரும்பிக்கோங்கோ" என்றார் ஆச்சாரியார்.

நான்கு பெரியவர்களும் நானும் தண்டவாளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றோம். ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிந்தது. மறுபடி பார்த்தபோது இலை காலி.

"யார் தின்னான்னு ஒருத்தரும் பார்க்கலையே" என்றார் ஒருவர்.

மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடியேன் பார்த்தேன். கொஞ்சம் திரும்பிட்டேன்" என்றார். அடுத்த சனிக்கிழமை ஆச்சாரியார் தம் இடத்தில் நின்றார்.

போன வருஷம் அவர் ஓய்வு பெற்ற நாளில் நான் கேட்டேன்: "அன்னிக்கு உங்களைப் பத்தி யார் சொன்னதுன்னு நீங்க விசாரிக்கவே இல்லையே சுவாமி?"

சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்தார். "விசாரிச்சா தெரிஞ்சுடும் ஓய்" என்றார்.

புதன்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். கொல்லையில் கிணற்றோரம் அந்தப் பூனை உட்கார்ந்திருந்தது, நன்றாகக் கிழடாகிவிட்டது. அதன் முன்னால் தயிர்சாதம். சுற்றிலும் உறவினர்கள்.

"எப்பவும் அவர்தான் சாதம் வெப்பார். நேத்திலேருந்து ஒரு பருக்கை தொடலை. அவர் போனது அதுக்குத் தெரிஞ்சிருக்கு. பார்த்துண்டே இருக்கோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அவருடைய மனைவி.

"நீங்க எல்லாரும் கொஞ்சம் உள்ளே போங்க மாமி" என்றேன்.

போனார்கள். நான் துவைக்கிற கல்லில் பூனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தட்டு சிமெண்டுத் தரையில் லேசாக நகரும் சத்தம் கேட்டது.

சுவாமி, நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாட்சியும் யாரும் இல்லை. தின்றது என்றே நம்புகிறேன். போய் வாருங்கள்.