தமால் இலையில் வந்த தகப்பன்

என் வீட்டுக்காரர் எலாடியோ நல்ல மனிதர். தேவைப்படும்போது மட்டும் காணாமல் போவார். பன்றி வெட்டுகிற நாளில் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். கூரை ஒழுகுகிற நாளில் குவாப்பிலெஸ் சந்தையில் அவசர வேலை வந்துவிடும். முப்பத்தொரு வருடத்துக்கு முன் எங்கள் மகள் மாரியெலோஸ் பிறந்தபோதும் அப்படித்தான். ஆற்றுக்கு அக்கரையில் காளை விளையாட்டு பார்க்கப் போனவர் மறுநாள்தான் வந்தார். "ஆத்துல வெள்ளம், தோமித்திலா. கடக்க முடியல" என்றார். சரி என்றேன். அன்று எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

ஆனால் இலை அறுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எங்கள் தேவாலயத் திருவிழாவுக்கு முந்நூறு தமால் அவிப்பது என் பொறுப்பு. மக்காச்சோள மாவையும் பன்றிக்கறியையும் வைத்து மடிக்க ஓடைக்கரை பிஹாகுவா இலை வேண்டும். அறுக்குமுன் ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அடியில் கண்ணாடித் தவளையின் முட்டை இருந்தால் அந்த இலையை விட்டுவிடுவோம். இந்த வருடம் மனிதர் அவசரத்தில் புரட்டவில்லை.

அடுக்களையில் ஈரத்துணியால் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓர் இலையின் அடியில் இரண்டு முட்டைக் கொத்துகள், ஜவ்வரிசிக் கூழ் மாதிரி ஒட்டியிருந்தன. அதில் ஒரு கொத்து கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

அது தகப்பன் தவளை. முட்டையைத் தின்ன வரும் குளவி ஏமாந்து போகும்படி அதன் முதுகிலும் முட்டை போலவே புள்ளிகள். தாய் முட்டையிட்டதோடு சரி. குஞ்சுகள் ஓடையில் விழும்வரை காவல் இருப்பதும், முட்டை காயாமல் ஈரமாக்குவதும் தகப்பன்தான். நான் விரலை நீட்டியதும் தாவி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. வெளியே போய்ப் பார்த்தால் வயிற்றுத் தோல் வழியாகக் குடல் தெரிகிறது, சிவப்பாக இதயம் துடிப்பதும் தெரிகிறது.

"உங்களுக்கும் இப்படி ஒரு வயிறு இருந்திருந்தா, போன வருஷம் சட்டியில குறைஞ்ச நாலு தமால் எங்க போச்சுன்னு அன்னிக்கே பாத்திருப்பேன்" என்று, பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்த எலாடியோவிடம் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அறுத்தேன், கட்டினேன், தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தேன். அதுவரைக்கும் இவன் முட்டையை விட்டு நகரலியே" என்றார்.

தவளையைப் பிடித்துக்கொண்டு, அந்த இலையோடு இருவரும் ஓடைக்குப் போனோம். தமால் கட்டும் நூலாலேயே அந்த இலையை ஒரு பச்சை இலையின் அடியில், தண்ணீருக்கு மேலே கட்டினார். தவளையை அதன் பக்கத்தில் விட்டார். அது ஒரே தாவலில் புதருக்குள் போய்விட்டது. அவர் முகம் செத்துப்போயிற்று. தகப்பன் திரும்பாவிட்டால் அத்தனை முட்டையும் குளவிக்குத்தான்.

அன்றிலிருந்து அவரே அங்கே உட்கார்ந்துவிட்டார். தொப்பியால் குளவி விரட்டுவார், கையால் தண்ணீர் தெளிப்பார். மிச்ச இலை அறுத்தது நான்.

பக்கத்து வீட்டு ரஃபெலினா வேலியோரம் வந்து, "உங்க வீட்டுக்காரர் அடைகாக்கிறாராமே, தோமித்திலா. எத்தனை பொரிச்சாரு?" என்றாள்.

"ரெண்டு நாளாச்சு, ஒண்ணும் பொரியல. முதல் பிரசவமில்லையா, அவருக்கு" என்றேன். வேலிக்கு அப்பால் ஓடையில் இருந்த அவருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை அடுக்களை வாசலில் வந்து நின்றார். "வந்துட்டான். முட்டை மேலயே உக்காந்திருக்கான்."

தமால்களை இரண்டிரண்டாக, முகத்தோடு முகம் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டார். நான் நூலைச் சுற்றினேன்.

"தோமித்திலா, மாரியெலோஸ் பிறந்த அன்னிக்கு ஆத்துல வெள்ளம் இல்ல."

"தெரியும்."

"எப்படி?"

"மருத்துவச்சி அந்த ஆத்தைத் தாண்டித்தான் வந்தா. அவ பாவாடை நனையவே இல்ல."

"இத்தனை வருஷமா ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு வெள்ளம் வரும். நீங்களா சொல்லணும்னு இருந்தேன்."

கோபம் எனக்கு இருந்தது. இத்தனை வருடக் கோபம் ஒரு காலையில் போய்விடாது. ஆனாலும் அவர் சொல்லிவிட்டார் என்பதில் மனம் லேசாயிற்று. "விரலை எடுங்க, முடிச்சு போடணும்" என்றேன். எடுத்துவிட்டு அடுத்த ஜோடியைப் பிடித்துக்கொண்டார். ரஃபெலினாவின் கணவர் சீட்டாடக் கூப்பிட்டார். முந்நூறும் கட்டி முடியும்வரை இவர் எழுந்திருக்கவில்லை.