புஷ்பவள்ளி வைத்த பொட்டு

சிதம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் புஷ்பவள்ளிக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். மயக்க மருந்து மெஷினைக் கவனிக்கும் டெக்னீஷியன். யாருக்கும் மயக்கம் கொடுப்பதற்கு முன்னால், மூச்சுக் குழாயின் வாயை உள்ளங்கையால் இறுக அடைப்பாள். உள்ளே காற்றை ஏற்றி, அழுத்தம் காட்டும் முள் முப்பதைத் தொட்டதும் பத்து வரை எண்ணுவாள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். "மெஷினுக்கு நாடி பாக்குறாங்க" என்று நர்சுகள் கிண்டலடிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் எண்ணுவாள்.

போன ஆயுத பூஜையன்று காலையிலேயே சோதனை முடிந்துவிட்டது. அப்புறம் மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எல்லோரும் பொரிகடலையை மென்றுகொண்டிருந்தபோது, பிச்சாவரத்துப் படகுக்காரர் பக்கிரியைக் கொண்டுவந்தார்கள். குடல்வால் வெடித்துவிட்டது.

வலியைவிட மயக்கத்துக்குத்தான் மனுஷர் பயந்தார். "மறுபடி முழிச்சிக்குவேனாம்மா? எங்க சித்தப்பா முழிக்கவே இல்ல."

"ஒங்கள முழிக்க வெக்காம நான் வூட்டுக்குப் போவ மாட்டேண்ணே."

சொல்லிவிட்டுக் குழாயை அடைத்தாள்.

"காலையிலதான் பாத்துட்டீங்களே, சீக்கிரம்!" என்றார் மயக்க மருந்து டாக்டர் இலக்கியா.

"பத்தே பத்துதான் மேடம்."

நான்கு எண்ணுவதற்குள் முள் இருபதுக்கு இறங்கிவிட்டது. கெட்டிக்கார மெஷின்தான். ஆக்சிஜன் குறைந்தால் விசிலடிக்கும், மயக்க வாயுவைத் தானே நிறுத்திவிடும். ஆனால் இந்தக் கசிவுக்குச் சத்தமே வராது. நோயாளிக்குப் போக வேண்டிய மூச்சு பாதி வழியிலேயே வெளியேறிக்கொண்டிருக்கும்.

தடவிக்கொண்டே போன விரல், கரியமில வாயுவை உறிஞ்சும் வெள்ளைக் குருணை டப்பாவில் நின்றது. வாஷர் கோணலாக உட்கார்ந்திருந்தது. கழற்றி மாட்டி மறுபடி எண்ணினாள். முள் அசையவில்லை.

"யாரு இதக் கழட்டுனது?" என்றார் டாக்டர்.

டப்பாவின் நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது. பூஜைக்கு வந்து போன பத்துப் பேரில் யார் தலையிலாவது பழியைப் போட்டிருக்கலாம்.

"நான்தான் மேடம். தொடச்சிப் பொட்டு வெச்சேன்."

அந்த ஒரு பதிலுக்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

"கண்டுபிடிச்சதும் நீங்கதானே. வாங்க, ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டர்.

மூன்று மணிக்கு அவள் டியூட்டி முடிந்தது. நாலரைக்கும் பக்கிரியின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, கண்ணத் தொறங்க."

பக்கிரி மெல்லக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"இன்னும் வூட்டுக்குப் போவலியா நீ?"

புஷ்பவள்ளிக்கு அழுகை வந்துவிட்டது.

"இதோ, கெளம்பிட்டேண்ணே" என்றாள். ஆனால் நகரவில்லை.